முதிய நாயும் இதய முணுமுணுப்பும்

கேள்வி: பதினொரு வயது பாமரேனியனுக்கு இதயத்தில் ‘மர்மர்’ கேட்கிறதாம். எப்படிப் பராமரிப்பது?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: முணுமுணுப்பு தனி நோயன்று; இதயத்துக்குள் ரத்தம் சீராக ஓடாமல் சுழிக்கும் ஓசை. சிறிய இனங்களில் முதுமையில் மைட்ரல் வால்வு தடித்து, சரியாக மூடாமல் ரத்தம் பின்னோக்கிக் கசிவதே பெரும்பாலும் காரணம். பெரிய நாய் என்றால் இதயத் தசையின் பலவீனத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

ஓசை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கப்படுகிறது. அதை மட்டும் வைத்து மருந்து தொடங்குவதில்லை; இதயம் பெருத்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரேயும் எக்கோவும்தான் சொல்லும். ராமையன்பட்டி அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆலோசனை பெறலாம். இதயம் பெருத்திருந்தால் பிமோபெண்டான் என்ற மருந்து உதவும்; 2016இல் வெளியான எபிக் (EPIC) என்ற ஆய்வில் அது இதயச் செயலிழப்பைச் சுமார் 15 மாதம் தள்ளிப்போட்டது. மனிதருக்கான இதய மாத்திரையைத் தோராயமாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியவற்றில் முதன்மையானது, நாய் அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணிக் குறித்துவைப்பது. நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி அப்படியே நீடித்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று கொள்ளலாம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நீர் பிரியும் மாத்திரை தரப்பட்டால் சிறுநீர் அதிகம் போகும். அதற்காகத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடக் கூடாது. கருவாடு, அப்பளம், ஊறுகாய் கலந்த சோறு வேண்டாம். நெல்லை வெயிலில், சித்திரை வைகாசியில் தாமிரபரணிக் கரை நடையைக்கூட விடியற்காலையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மயங்கி விழுந்தாலோ ஈறு நீலம்பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது.