முத்தும் கீழ்முந்திரியும்

நுழையும்முன்

'இம்மியும் பிசகாமல்' என்பது இன்றும் வழங்கும் தொடர். இம்மி என்பது எவ்வளவு? அதனையடுத்து நிற்கும் 1,02,400 என்னும் எண்ணின் இயல்பு யாது? முத்துக் கணக்கின் வழியே அறிவோம்.

முத்தின் மதிப்பு

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகக் கொற்கை விளங்கியது. அதன்பின் காயலும், பின்னர்த் தூத்துக்குடியும் அப்பெருமையைப் பெற்றன. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் மூச்சடக்கி மூழ்கியோர் எடுத்த சிப்பிகளிலிருந்து முத்துகள் கிடைத்தன. வணிகர் அவற்றைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தனர். உருட்சியும் ஒளியும் நோக்கித் தரம் பிரித்தனர்.

விலை காண எடை மட்டும் போதாது. நான்கு சிறு முத்துகளின் எடையை ஒரே முத்துப் பெற்றிருப்பின் அது அரியது. ஆகவே, ஒரே தரத்து முத்துகளின் எடையை மஞ்சாடியில் கண்டு, அதன் வர்க்கத்தில் முக்கால் பங்கை முத்துகளின் எண்ணிக்கையால் வகுத்தனர். இவ்வாறு பெறும் அளவு செவ்வு எனப்பட்டது. 4 மஞ்சாடி எடையுள்ள ஒரு முத்துக்கு 12 செவ்வு. அதே எடையில் நான்கு முத்துகள் இருப்பின் 3 செவ்வு.

எடையை வர்க்கப்படுத்துவதால் நிறுத்தலில் நேரும் சிறுபிழையும் பெருகும். மூழ்கியவரின் உழைப்புக்குரிய மதிப்பும் குறையும். தமிழரின் கீழ்வாய் இலக்கத்தில் மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 ஆகும். ஒரு முத்தின் எடை 4 மஞ்சாடியும் ஒரு முந்திரியும் எனின், அதன் வர்க்கம் 16 + 1/40 + 1/1,02,400. இவற்றுள் 1/40 என்பது அரைமா. இறுதிக் கூறு முந்திரியின் முந்திரி. அதற்கும் கீழ்முந்திரி என்று பெயரிட்டிருந்தனர்.

எண்ணின் இயல்பு

1,02,400 என்பது 320இன் வர்க்கம். 2இன் 12ஆம் அடுக்கை 5இன் 2ஆம் அடுக்கால் பெருக்க இவ்வெண் கிடைக்கும். எனவே, இதன் காரணிகள் 13 × 3 = 39. காரணிகள் இரண்டிரண்டாக இணைய, 320 மட்டும் தன்னோடு தானே இணைவதால் எண்ணிக்கை ஒற்றைப்படையாயிற்று. தன்னை நீக்கிய காரணிகளின் கூடுதல் 1,51,521. அஃது எண்ணினும் மிகுதலால் இது மிகையெண் வகையைச் சார்ந்தது. பன்னிரண்டு முறை பாதியாக்கினும் மீதி வாராது. அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பகுத்துச் செல்லும் கணக்கர்க்கு இது மிகவும் ஏற்றது.

எனினும் ஒரு குறையுண்டு. இதன் இலக்கங்களின் கூடுதல் 7. ஆதலால் இது 3ஆல் வகுபடாது. ஒரு பொருளை மூவர் சமமாகப் பகிர்ந்தால், கீழ்முந்திரிவரை கணக்கிட்டாலும் மீதி நிற்கும். இம்மியோ 1/10,75,200. இவ்வெண்ணின் காரணிகளுள் 3, 7 ஆகியனவும் உண்டு. ஆகவே மூன்றில் ஒரு பங்கு, மீதியின்றி 3,58,400 இம்மியாகும்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. 'இம்மி' என்னும் சொல் நம் பேச்சில் நிலைத்துள்ளது. பிறர்க்குரிய பங்கில் மிகச்சிறு கூறும் குறையலாகாது என்னும் நேர்மையை அச்சொல் இன்றும் நினைவூட்டுகிறது.