சங்க இலக்கியத்தில் மகளிரின் பண்டமாற்றுத் தொழில்கள்

முன்னுரை

தொழிலே ஆடவர்க்கு உயிர் என்றும், இல்லுறை மகளிர்க்குக் கணவரே உயிர் என்றும் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் பாடல் ஒன்று (குறுந். 135) உரைக்கிறது. பிரிவை அஞ்சிய தலைவியைத் தேற்றும் தோழியின் கூற்று அது. சூழல் சார்ந்த அக்கூற்றைச் சங்ககால மகளிர் அனைவர்க்கும் உரிய விதியாகக் கொள்ளின், தெருவில் நின்று பொருள் விற்ற மகளிரின் வாழ்வு ஆய்வுப் பரப்பிலிருந்து விலகிவிடும். எனவே, நெய்தல், மருதம், முல்லை ஆகிய நிலங்களில் மகளிர் மேற்கொண்ட பண்டமாற்றுத் தொழில்களையும், அவற்றால் வந்த பொருளின்மீது அவர்க்கிருந்த உரிமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நெய்தல்: உமணர் மகளும் பரதவர் மகளும்

அம்மூவனாரின் இரு பாடல்கள் (அகம். 140, 390) உமணர் குல மகளைச் சேரிதோறும் உப்பு விற்பவளாகக் காட்டுகின்றன. நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என்பதே அவள் கூவும் விலை. பண்டமாற்று விகிதத்தைப் பதிவு செய்தமையால் இப்பாடல்கள் பொருளியல் நோக்கிலும் சிறப்புடையன. ஆயினும் இரண்டும் தலைவன் கூற்றுகள். ஒன்றில் புதிய குரல் கேட்டு நாய் குரைக்க, அவள் அஞ்சுகிறாள். மற்றொன்றில் தலைவன் அவளை இடைமறித்து, அவள் மேனியழகையே விலைபேசுகிறான். தெருவில் தொழில் செய்யும் பெண் எதிர்கொள்ளும் இடர் இங்குக் காதற் சுவையாக மாற்றப்பட்டுள்ளது.

பரதவர் மகளின் நிலை வேறு. செல்வக்குடித் தலைவனை மறுக்கும் தோழி, தாங்கள் சுறாமீன் துண்டங்களை உலர்த்திப் பறவை ஓட்டுவோர் என்றும், தம்மீது புலால் நாறும் என்றும் கூறி, அவனை விலகி நிற்கச் சொல்கிறாள் (நற். 45). இங்குத் தொழில் இழிவாகாமல், தலைவனின் செல்வத்திற்கு எதிரே நிறுத்தப்படும் தகுதியாகிறது.

மருதம்: பாண்மகளும் மனையோளும்

ஓரம்போகியாரின் ஐங்குறுநூற்றுப் பாடல்களில் பாண்மகள் வட்டியில் மீன் கொணர்கிறாள். மனையோள் அவ்வட்டியைக் கெடிற்று மீனுக்குப் பயறாலும் (47), வரால் மீனுக்கு ஓராண்டு கழிந்த வெண்ணெல்லாலும் (48) நிறைத்துத் தருகிறாள். கொடுப்பவளும் கொள்பவளும் மகளிரே. பழநெல்லை அளந்து தரும் மனையோள், வீட்டுக் களஞ்சியத்தின்மீது அதிகாரம் உடையவள் என்பது பெறப்படும். எனவே இல்லுறை மகளும் பண்டமாற்றின் ஒரு தரப்பாகவே விளங்கினாள் எனலாம்.

முல்லை: ஆய்மகள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை (155-165) ஒரு தொழிலை உற்பத்தி, விற்பனை, வரவு, முதலீடு என முழுமையாகக் காட்டுகிறது. புள் எழும் விடியலில் ஆய்மகள் தயிர் கடைந்து வெண்ணெய் எடுக்கிறாள். மோர்ப்பானையைத் தலையில் சுமந்து விற்கிறாள். மோருக்கு ஈடாகப் பெற்ற கூலத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை ஏலாமல், எருமையும் நல்ல பசுவும் எருமை நாகும் பெறுகிறாள்.

மோர் விரைவில் கெடுவது. அதன் வரவு அன்றாட உணவாகிறது. நெய் நெடுநாள் இருப்பது. அதன் வரவு கால்நடையாகப் பெருகுகிறது. பொன்னை மறுப்பது ஆய்மகளின் அறியாமை அன்று. பால் தருவதும் கன்று ஈனுவதுமான செல்வத்தைத் தேர்ந்த தொழிலறிவு. தொழிலால் வந்த பொருளை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை, இங்கு ஆராய்ந்த பாடல்களுள், இவள் ஒருத்தியே முடிவு செய்யக் காண்கிறோம்.

நூற்கும் மகளிர்

இதற்கு மறுதலையாக அமைபவர் நூல் நூற்கும் மகளிர். கபிலர் இவர்களை ஆடவர் துணையற்றவராகச் சுட்டி, அவர்தம் முயற்சியால் விளைந்த நுண்ணிய நூலை மலைமேல் தவழும் மேகத்திற்கு உவமையாக்குகிறார் (நற். 353). புறநானூற்றில் (326) பருத்தியின் கழிவைப் புடைக்க இரவில் எழுந்தவளின் சிறு விளக்கொளி, பூனைக்கு அஞ்சிய கோழிப்பேடையின் நடுக்கம் தீரத் துணையாகிறது. இவர்களின் உழைப்பு உவமையிலும் பின்னணியிலும் இடம்பெறுகிறது. நூலை வாங்கியவர் யார், பெற்ற ஈடு யாது என்பன பேசப்படவில்லை.

முடிவுரை

நெய்தலிலும் மருதத்திலும் முல்லையிலும் மகளிர் பண்டமாற்றில் நேரடியாக ஈடுபட்டனர் என்பதும், மருதத்தில் இருதரப்பும் மகளிராகவே அமைந்தனர் என்பதும் மேற்கண்ட சான்றுகளால் புலனாகின்றன. எனினும், உழைத்தல், விற்றல், வரவை ஆளுதல் என்னும் மூன்றும் எல்லா மகளிர்க்கும் ஒருங்கே வாய்த்தனவாகக் காட்டப்படவில்லை. நூற்பவளிடம் உழைப்பும், உமணர் மகளிடம் விற்பனையும், ஆய்மகளிடம் மூன்றும் காணப்படுகின்றன. ஆகவே, சங்ககால மகளிர் தொழில்களை வெறும் பட்டியலாகத் தொகுப்பதினும், அத்தொழிலின் பயன் எவர் கையில் இருந்தது என ஆராய்வதே அவர்தம் சமூக நிலையை உணர்த்தும்.