மைட்டர் கேஜ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேசை ரம்பத்தில் பலகையைக் குறுக்கே அறுப்பதற்கென்று, மேசையின் காடியில் ஓடும் இரும்புப் பட்டையும் அதன் தலையில் பாகை குறித்த அரைவட்டமுமாக அமைந்த மைட்டர் கேஜ் என்னும் சாதனத்தைப் பற்றிப் பட்டறைகளில் வழங்கிவரும் அபிப்பிராயங்களுள் சில மரத்தைக் கெடுப்பவை. ஒன்று மனிதனையே காயப்படுத்தக்கூடியது.

முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தித் திருகை இறுக்கிவிட்டால் செங்கோணம் தானே அமையும் என்பது முதல் நம்பிக்கை. பூஜ்யக் கோடு தொழிற்சாலையில் பொறித்த ஓர் அடையாளமேயன்றிப் பிரமாணம் அன்று. இதை அறிந்தவர்களும், மூலைமட்டத்தின் ஒரு கையைக் கேஜின் முகத்திலும் மறு கையைப் பிளேடிலும் பொருத்திப் பார்த்ததோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். மரம் நகர்வது காடியின் வழியே. ஆதலால் பிளேடு காடிக்கு இணையாக நின்றாலன்றி அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் சாக்குக் கட்டியால் குறியிட்டு, அது முன்புறம் இருக்கும்போது காடியிலிருந்து அதன் தூரத்தை அளந்து, பிளேட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்புறம் கொணர்ந்து மீண்டும் அளக்கவேண்டும். வேறு பல்லை அளந்தால், பிளேட்டின் கோணலையும் மேசையின் கோணலையும் பிரித்தறிய முடியாது. இரண்டு அளவும் ஒத்த பிறகே கேஜைத் தொடுவது முறை.

அதன் பிறகும் கடைசித் தீர்ப்பை மரத்திடமே கேட்பது நலம். ஓரங்கள் இணையான அகலப் பலகையொன்றை அறுத்து, இரு துண்டுகளில் ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி, இரண்டின் ஓரங்களையும் நேர்ச்சட்டத்தில் சாய்த்து, அறுத்த முகங்களைச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடையில் தோன்றும் சந்து உண்மையான பிழையின் இரு மடங்காக இருக்கும்; கண்ணுக்குத் தப்பும் கோணலை இப்படிக் கண்டுகொள்ளலாம்.

அரைப் பாகை வித்தியாசம் ஒரு குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படி எண்ணியவனே. படச்சட்டம் ஒன்றின் மூன்று மூலைகள் கச்சிதமாகப் பொருந்தி நான்காவது வாய் பிளந்து நின்றபோது, மரத்தின் ஈரத்தையே பழித்தேன். நான்கு மூலைகளுக்கு எட்டு அறுப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரே பக்கமாக அரைப் பாகை தவறினால், அத்தனையும் திரண்டு கடைசி மூலையில் 4 பாகையாக வெளிப்படும் என்பது பிறகுதான் விளங்கிற்று. கேஜின் பட்டை காடியில் ஆடினாலும் இதே விபரீதம்தான். பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்சால் நாலைந்து குழிகள் தட்டினால், அவற்றின் விளிம்பு எழும்பி ஆட்டத்தை நிறுத்தும்.

ஒரே நீளத்தில் பல துண்டுகள் வேண்டுமானால், கேஜால் தள்ளிக்கொண்டே பலகையின் முனையை, பிளேடுக்கு இணையாக நிற்கும் ஃபென்ஸ் என்னும் தடுப்புச் சட்டத்தில் முட்டக்கொடுத்து அறுக்கலாம் என்பதே நான் மிகவும் அஞ்சும் நம்பிக்கை. அறுபட்ட சிறு துண்டு பிளேடுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே பிடிமானமின்றிச் சிக்கிக்கொள்ளும். சற்றே திரும்பினாலும், பின்புறத்தில் மேல்நோக்கி எழும் பற்கள் அதைத் தூக்கி, மேசைமுன் நிற்பவரை நோக்கியே வீசியெறியும். விழிப்பாக இருந்தால் போதும் என்பது வீண் தைரியம்; அந்த வேகத்துக்கு முன் எவருடைய விழிப்பும் செல்லாது. செய்யவேண்டியது எளிது: ஃபென்ஸில் பிளேடுக்கு நன்கு முன்பாக, நாம் நிற்கும் பக்கத்தில், ஒரு கட்டையைக் கிளாம்பால் இறுக்கி, பலகையின் முனையை அந்தக் கட்டையில் முட்டி அளவு கொண்டு, பிறகு கேஜைத் தள்ளவேண்டும். பலகை பிளேடைத் தொடுமுன்பே கட்டையைவிட்டு விலகியிருக்கும். அறுந்த துண்டும் ஃபென்ஸைத் தொடாமல் தனியே கிடக்கும். பிளேடு முற்றிலும் நின்ற பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.