கல்லூரி வேலைக்குப் போனால் பிராக்டிஸ் போய்விடுமா?

கேள்வி: ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். பக்கம் சின்னதாக சி.ஏ. பிராக்டிஸ் நடத்துகிறேன். ஒரு கல்லூரியில் முழுநேர விரிவுரையாளராக அழைக்கிறார்கள். சேர்ந்தால் சி.ஓ.பி. ரத்தாகும், ஆடிட்டில் கையெழுத்துப் போட முடியாது என்கிறார்கள் நண்பர்கள். ‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்’ என்கிறார் அப்பா. தூக்கமே வருவதில்லை.
– ச.வெ., குஷாய்குடா

பதில்: கவலை வேண்டாம், ச.வெ. முறைப்படி அனுமதி வாங்கினால் உங்கள் சி.ஓ.பி.க்கு (தொழில் நடத்த சி.ஏ. இன்ஸ்டிட்யூட் தரும் சான்றிதழ்) ஆபத்தில்லை.

நண்பர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. பிராக்டிஸில் இருப்பவர் இன்ஸ்டிட்யூட் கவுன்சிலின் அனுமதியில்லாமல் வேறு வேலை பார்த்தால், 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி அது தொழில்முறைத் தவறு. ஆனால் அச்சட்டத்தின் கீழ் வந்த 1988 விதிமுறைகளின் 190ஏ பிரிவு விலக்குக்கு வழிவிடுகிறது. கல்லூரி விரிவுரையாளர் பணி, தனி அனுமதி பெற்றுச் செய்யக்கூடியவற்றில் ஒன்று. வகுப்பில் நேரடியாகப் பாடம் நடத்துவது வாரத்துக்கு 25 மணி நேரத்தைத் தாண்டாத வரை, சான்றுரைக்கும் பணியும் (தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடுவது போன்றவை) செய்யலாம். ஆகவே டைம்டேபிளை முதலில் கேட்டு வாங்குங்கள்.

உண்மையில் நம் நாட்டில் கணக்கியல் கல்வியை வளர்த்தவர்களிலேயே இப்படி இரண்டும் செய்தவர்கள் உண்டு. கே.எஸ்.ஐயர் 1897-இல் தன் பெயரில் தணிக்கை நிறுவனம் தொடங்கினார். 1913-இல் பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரி பிறந்தபோது அதன் கௌரவ முதல்வராகவும் இருந்தார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பிராக்டிஸ் அனுபவம் வகுப்பிலும் கைகொடுக்கும்; உங்கள் ஊரே ஒரு பாடப்புத்தகம். அங்குள்ள லேத் பட்டறைக்கு ஜாப் ஒர்க்காக இரும்புக் கம்பி வருகிறது. கடைந்த பாகங்கள் டெலிவரி சலானோடு திரும்பிப் போகின்றன. சுருள் சுருளாக ஸ்கிராப் பட்டறையிலேயே கிடக்கிறது. அந்த ஸ்கிராப் யாருடைய சொத்து? வருடக் கடைசியில் யார் கையிருப்பில் வரும்? விற்ற பணம் யார் கணக்கில் ஏறும்? மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், கையிருப்பு மதிப்பீடு ஒரே வகுப்பில் பிடிபட்டுவிடும். பத்து வருடம் பாடம் மட்டும் நடத்தியவருக்கு இந்தக் கேள்வி எளிதில் தோன்றாது. பட்டறைக்காரர் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கட்சிக்காரர் விவரத்தை வெளியிடுவதும் தவறுதான்.

எனக்குள்ள கவலை வேறு. மாதந்தோறும் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் கழுத்தைப் பிடிக்கும். செப்டம்பர் கடைசியில் டாக்ஸ் ஆடிட் குவியும்; அப்போதுதான் கல்லூரியிலும் இன்டர்னல் தேர்வு வரும். நம்பகமான உதவியாளர் ஒருவரை இப்போதே பழக்குங்கள். ஏற்கும் ஆடிட்டுகளைக் குறையுங்கள். அந்தக் கல்லூரியின் ஆடிட்டையே கொடுத்தால் மறுத்துவிடுங்கள். சம்பளம் தருபவரின் கணக்கைத் தணிக்கை செய்யக் கூடாது.

வெளியே பிராக்டிஸ் செய்யச் சம்மதம் என்று கல்லூரி நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது, நிர்வாகம் மாறினால் அது நிற்காது. அந்தக் கடிதத்தையும் டைம்டேபிளையும் இணைத்து இன்ஸ்டிட்யூட்டுக்கு விண்ணப்பியுங்கள். உங்களிடம் பயிற்சி பெறும் ஆர்ட்டிகிள் மாணவர்கள் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகே பணியில் சேரும் தேதியைச் சொல்லுங்கள்.