கணினிக்குள் ஒரு செக்ரோல்

செக்ரோல் நமக்குப் புதிதல்ல. ஆளுக்கு ஒரு வரி. இலக்கம், பெயர், வேலை நாள் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். இதையே கணினியில் ஒழுங்காக அடுக்கி வைத்தால் அதுதான் தரவுத்தளம். ஒரு வரி 'பதிவு'. அதிலுள்ள ஒவ்வொரு கட்டமும் 'புலம்'.

ஒரே தோட்டத்தில் மூன்று லெட்சுமி இருந்தால்? கங்காணி முகம் பார்த்துச் சொல்லிவிடுவார். கணினியிலோ ஆளைப் பிரித்தறிய, ஒருவருக்கே உரிய இலக்கம் வேண்டும். அதுதான் 'முதன்மைச் சாவி'. தேசிய அடையாள அட்டை இலக்கம் அப்படிப்பட்டது. முன்பு 9 இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வரும் புதிய அட்டையில் 12 இலக்கம்.

ஊழியர் சேமலாப நிதிக்கும் அங்கத்துவ இலக்கம் உண்டு. நம் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும், தோட்டம் கட்டும் 12 வீதமும் அந்த இலக்கத்தில்தான் சேருகின்றன. அட்டையில் 'இராமாயி', நிதிப் பதிவில் 'ராமாய்' என்றிருந்தால், பணம் எடுக்கப் போகும்போது "இருவரும் ஒருவர்தானா?" என்ற கேள்வி வரும். அந்த வயதில் கடிதாசிக்காக அலைய முடியுமா?

ஆகவே அடையாள அட்டையையும் நிதிக் கணக்குக் கூற்றையும் பக்கத்தில் வைத்து, பிள்ளைகளை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுவோம். பிழை இருந்தால், வேலையில் இருக்கும்போதே தோட்ட ஆபிசில் சொல்லித் திருத்திக்கொள்வோம்.