வீட்டிலே ஒலிப்பதிவு: தொழிலாகுமா?

உக்குவளைப் பகுதியில் குடியேறி வாழும் எம் விவசாயக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் என்ன தொழில் கற்க விருப்பம் என்று கேட்டால், ஒலிப்பதிவு என்று சொல்வோரும் உண்டு. காணியை விட்டு வந்த பெற்றோருக்கு இது விளையாட்டுப் பேச்சாகத் தோன்றலாம். பிள்ளையின் ஆசைக்காக மிஞ்சிய நகையையும் அடகு வைக்கத் துணிவோரும் உண்டு. இரு சாராருக்காகவும் இப்பாடத்தைத் தருகின்றோம்.

1. முன்னே சென்றவர்கள்

1976இல் தந்தை ஆர். கே. சேகர் இறந்தபோது ஏ. ஆர். ரஹ்மானுக்கு ஒன்பது வயது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நாளைக் கழித்தது. அவர் சிறு வயதிலேயே கீபோர்ட் வாசித்துச் சம்பாதித்தார்; பின்னர் விளம்பரங்களுக்கு இசையமைத்தார். அதன் பிறகே சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படப் பாடல்கள் அங்கே உருவாகின. அவருடன் உழைத்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் நான்கு தேசிய விருதுகள் பெற்று, 2008இல் மறைந்தார்.

நம் நாட்டில் 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலியின் பணியாளர்கள், கருவிகளோடு குடியேற்றக் கிராமங்களுக்கே சென்று விவசாயிகளின் பேச்சையும் பாட்டையும் பதிந்தார்கள்.

இவற்றில் நாம் கற்பது ஒன்றே: உழைப்பும் பழகிய செவியும் முந்தியவை, கூடமும் கருவியும் பிந்தியவை.

2. ஒலி ஓடும் வாய்க்கால்

பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் 1976 முதல் சுரங்கவழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வருவதை அறிவோம். ஒலிக்கும் ஒரு வாய்க்கால் உண்டு. பாடுபவரின் வாயில் புறப்பட்டு, அறை, ஒலிவாங்கி, கணனி என ஓடுகிறது. தலைமடையில் கலங்கிய நீரைக் கடைமடையில் தெளியவைப்பது அரிது. எனவே தொடக்கத்திலேயே கவனம் வேண்டும்.

அ) அறை: வெறுஞ்சுவர் ஒலியைத் திருப்பி அடிக்கும். தடித்த கம்பளி, மெத்தை, சாக்கு ஆகியவற்றைத் தொங்கவிட்டால் எதிரொலி குறையும். முட்டை அட்டைகளை ஒட்டினால் வெளிச்சத்தம் நின்றுவிடும் என்பது தவறு. தகரக் கூரையில் மழை பெய்யும்போது பதிய வேண்டாம்.

ஆ) ஒலிவாங்கி: வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் வையுங்கள். 'பால்', 'பட்டு' போன்ற சொற்களின் காற்று நேரே மோதாது.

இ) அளவு: தப்பு அடிக்கும் உச்சச் சத்தத்தை முதலில் சோதியுங்கள். அது சைபருக்கு 6 டெசிபல் கீழேயாவது நிற்கட்டும். பதியும்போதே உடைந்த ஒலியைப் பின்னர் முழுமையாகத் திருத்த முடியாது.

ஈ) கணனி: மனிதச் செவிக்கு எட்டும் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 20,000 வரை. அதன் இருமடங்குக்கு மேல், அதாவது நொடிக்கு 44,100 முறை, ஒலியை அளந்து பதிவார்கள். இதைச் சாதாரணக் கணனியும் செய்யும். 'ஓடாசிட்டி' என்னும் மென்பொருள் இலவசம்.

3. பிழைப்புக்கு வழி

பாட்டுப் பதிவை மட்டும் நம்பிப் பிழைப்பது கடினம். கலியாண வீடு, கூட்டம், மாத்தளை முத்துமாரியம்மன் தேர் போன்ற திருவிழாக்களில் ஒலிபெருக்கி வேலை உண்டு. வானொலி, தொலைக்காட்சி, நாடகம் ஆகியவற்றிலும் வேலை உண்டு. இதுவும் போகம் பார்த்து வரும் வருமானமே. ஆகவே மின்வேலையையும் சேர்த்துக் கற்பது நல்லது. அனுபவமுள்ள ஒலிபெருக்கிக்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்தால் வயர் பற்றவைக்கவும், ஈர நிலத்தில் மின்தாக்காமல் வேலை செய்யவும் பழகலாம்.

பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுமுன், அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்குமா என்று கேளுங்கள். முதலில் கையிலுள்ள தொலைபேசியில் பழகுங்கள். அடுத்து நல்ல ஹெட்போன். வருமானம் கண்டபின் ஒலிவாங்கி. கருவிக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்.

4. இம்மாதப் பயிற்சி

விட்டுவந்த ஊரின் குளம், வயல், கோயில் பற்றி வீட்டு முதியவர் ஒருவர் சொல்வதைப் பத்து நிமிடம் பதியுங்கள். நாற்று நடும்போது பாடிய பாட்டு நினைவிருந்தால் அதையும் பதியுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள். காணி கைவிட்டுப் போனது. அந்தக் குரலும் போய்விடக் கூடாது. பிள்ளைக்கு இதைவிட நல்ல முதற்பாடம் இல்லை.

கலந்துரையாடலுக்கு

1. பதிவில் நடுவே கேட்ட வேண்டாத சத்தங்கள் எவை? எப்படித் தவிர்க்கலாம்?
2. நம் ஊரில் ஆண்டுக்கு எத்தனை நாள் ஒலிபெருக்கி வேலை உண்டு? கணக்கிடுங்கள்.
3. ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஒலிவாங்கி வாங்கினால் அதை யார் பொறுப்பில் வைப்பது?