பார்த்தீனியம் என்னும் பகைச்செடி

பயிரை வளர்ப்பதைவிடக் களையை அடக்குவதே கமக்காரருக்குப் பெரிய வேலை. எமது தோட்டங்களில் கோரையும் அறுகும் காலங்காலமாக முளைக்கின்றன. அவற்றை எப்படிக் கையாள்வது என்பதை எம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் எமது பாட்டன் பாட்டியர் தம் இளமையில் கண்டிராத ஒரு களை இன்று வடபகுதியின் வீதியோரங்களிலும் வெறுங்காணிகளிலும் தோட்டங்களிலும் செழித்து நிற்கின்றது. அதுவே பார்த்தீனியம். அதனைப் பற்றி நாம் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

பார்த்தீனியத்தின் தாயகம் மெக்சிக்கோ வளைகுடாவை அடுத்த அமெரிக்க நிலப்பகுதியாகும். இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1753 இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் புனே நகரில் இது கவனிக்கப்பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு இதன் விதைகளும் வந்திருக்கலாம் என்பர். இலங்கையில் 1999 இல் வவுனியாவில் இது முதன்முதலாக இனங்காணப்பட்டது. 1987 இல் இந்திய அமைதிப்படையின் உணவுத் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு இது வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மொரீசியஸ், றீயூனியன், மடகாஸ்கர் ஆகிய தீவுகளிலும் இது வேரூன்றியுள்ளது.

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவுக்குள் ஒரு சிறு செடி எப்படி நுழைந்தது? எருக்கலை விதைக்குப் பஞ்சு உண்டு. அது காற்றில் பறக்கும். தேங்காய் கடலில் மிதந்து கரை சேரும். பார்த்தீனியத்தைக் கடல் கடத்தியவனோ மனிதனே. தானிய மூட்டையிலும், கால்நடைத் தீவனத்திலும், வாகனச் சில்லில் ஒட்டிய சேற்றிலும் அவன் அறியாமலே விதையைச் சுமந்து வந்தான். உள்ளே வந்த பின்னரும் மணல், எரு, வைக்கோல் ஏற்றும் லொறிகளும், தோட்டத்துக்குத் தோட்டம் செல்லும் உழவு இயந்திரங்களும், மாரிகால வெள்ளமும் அதனை ஊரெங்கும் பரப்புகின்றன.

இதனை இனங்காண்பது எளிது. இளஞ்செடியின் இலைகள் நிலத்தோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். அவை கரட் இலையைப் போலவோ செவ்வந்தி இலையைப் போலவோ பிளவுபட்டுக் காணப்படும். பின்னர் தண்டு நிமிர்ந்து, பல கிளைகளாகி, ஒரு மீற்றருக்கு மேலும் வளரும். கிளை நுனிகளில் சிறிய வெண்ணிறப் பூக்கள் நிறையப் பூக்கும். முளைத்து ஏறக்குறைய 4 முதல் 6 கிழமைக்குள் பூத்துவிடும்.

நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதைகளுக்கு மேல் தரக்கூடியது. இதனை ஒரு கணக்காகச் செய்து பார்ப்போம். நூற்றுக்கு ஒரு விதை மட்டும் முளைத்தாலும் 150 செடிகள் உண்டாகும். அந்த 150 செடிகளும் மீண்டும் 15,000 விதைகள் வீதம் தந்தால் மொத்தம் 22,50,000 விதைகள்! அவற்றுள் பல மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஒருமுறை பிடுங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ணமுடியாதது இதனாலேயே.

இக்களையால் விளையும் தீமைகள் பல. இதிலுள்ள பார்த்தெனின் முதலிய இரசாயனப் பொருள்கள் அயலிலுள்ள பயிர்களின் முளைப்பையும் வளர்ச்சியையும் தடுக்கின்றன. இதன் மகரந்தம் கத்தரி, மிளகாய், தக்காளிப் பூக்களில் படிந்தால் காய் பிடிப்பது குறையும். இதனைத் தின்ற பசுவின் பால் கசக்கும். எல்லாவற்றிலும் மேலாக, வெறுங்கையோடு புல்லுப் பிடுங்கும் எமது தாய்மாரே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். முதல் நாளிலேயே ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பத் தொடுவோர் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் ஏற்படும். மகரந்தத்தைச் சுவாசிப்பதால் தும்மலும் தொய்வும் உண்டாகலாம்.

தாயகத்தில் இதனை உண்ணும் பூச்சிகள் இதனை ஓரளவு கட்டுப்படுத்துகின்றன. அவற்றுள் ஒரு வண்டினத்தை மெக்சிக்கோவிலிருந்து தருவித்து, 1984 இல் பெங்களூர்ப் பகுதியில் விட்டனர். மழைக்காலத்தில் அவ்வண்டு இலைகளைத் தின்று நல்ல பயன் தருகிறது. ஆனால் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடுகிறது. எனவே வண்டை மட்டும் நம்பியிருக்க இயலாது.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? மழை பெய்து மண் இளகியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், பூக்கும் முன்னரே, வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். கைக்கு உறையும், நீண்ட கைச்சட்டையும், மூக்கையும் வாயையும் மூட ஒரு துணியும் அவசியம். பூத்துவிட்ட செடியை முதலில் பையினால் மூடிய பின்னரே பிடுங்க வேண்டும். அதனை எருக்குவியலில் இடாது, ஆழக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் தகரை, ஆவாரை போன்றவற்றை வளரவிட்டால் அவை பார்த்தீனியத்துக்கு இடங்கொடாமல் அடர்ந்து வளரும். ஒவ்வாமை உள்ளவர்கள் இப்பணியில் ஈடுபடவே கூடாது.

தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை: வெள்ளைப் பூ அழகாயிருக்கிறதென்று பூச்செண்டுக்குப் பறிக்காதீர்கள். நீங்கள் வீட்டுக்குக் கொண்டு செல்வது பூவை மட்டுமன்று, விதையையுந்தான்.

கடலாகிய வேலியைத் தாண்ட இச்செடிக்கு மனிதனின் துணை வேண்டியிருந்தது. இனி எமது வீட்டு வேலியைத் தாண்டவும் எமது கவலையீனமே அதற்குத் துணையாகும். ஆகவே பெற்றோரும் பிள்ளைகளும் அயலவரோடு சேர்ந்து, ஒவ்வொரு மாரியிலும் ஒரு நாளை இதற்கென ஒதுக்கி, எமது மண்ணைக் காப்போமாக.